வித்தையின் மறைவும் மக்களின் விழிப்பும்

பள்ளியிற் கற்பதையும் வித்தை என்கிறோம். தெருமுனையில் செப்புக்குள் பந்தை மறைப்பவன் காட்டுவதையும் வித்தை என்கிறோம். முன்னது கொடுக்கக் கொடுக்கப் பெருகும். பின்னதோ வெளிப்பட்டால் அழியும். அவ்வாறாயின், மறைத்து வைத்த வித்தையை ஊரறிய உடைப்பது அறமா? தகுதியுடையோர்க்கு மட்டும் கற்பிப்பது அறமா?

லிந்துலைத் தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. லயத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்ல ஒருவன் வந்துவிடுகிறான். வாசலில் மண்ணைத் தோண்டுகிறான். கைக்குள் ஒளித்துவந்த செப்புத் தகட்டை மண்ணுக்குள்ளிருந்து எடுப்பதுபோல் எடுக்கிறான். எலுமிச்சம்பழத்தை அறுக்கிறான், ‘இரத்தம்’ வடிகிறது. கத்தியில் முன்னரே பூசிய செம்பருத்திச் சாறு பழத்தின் புளிப்புப் பட்டுச் சிவந்தது என்பதைத் தாய் அறியாள். கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் கைமாறுகிறது. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய குழந்தையோ பாயிலேயே கிடக்கிறது.

இவ்வினாவை எதிர்கொண்டவர்களுள் நாம் முதல்வரல்லர். சூனியக்காரிகள் என்று பழிசுமத்தப்பட்ட ஏழை மூதாட்டிகள் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட காலத்தில், கெண்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்கொட் 1584ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை வெளியிட்டார். சூனியம் பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்பதை நிறுவுவதற்காக, நாணயம் மறைத்தல், உடலில் ஊசி ஏற்றுதல் முதலிய வித்தைகளின் நுட்பங்களை அதில் விளக்கினார். அவ்வாறு விளக்கும்போது, இவற்றால் வயிறு வளர்க்கும் ஏழைகளின் பிழைப்புக்கு இடையூறு நேருமே என்று அவர் வருந்தினார். தெய்வ ஆற்றல் தனக்குண்டு என்று சொல்லாமல் மகிழ்விப்பதற்காக மட்டும் வித்தை காட்டுபவனை அவர் குறைகூறவுமில்லை. பொய்யை உடைத்த அதே கை, உழைப்பாளியின் சோற்றையும் எண்ணிப் பார்த்தது. இந்நூலை எதிர்த்து 1597இல் பேனா எடுத்தவரோ ஸ்கொத்லாந்தின் மன்னர் ஆறாம் ஜேம்ஸ்!

மறைவுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1856இல் பிரெஞ்சு அரசு, புகழ்பெற்ற வித்தைக்காரரான ரொபேர் ஊதேனை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மராபூத் எனும் சமயப் பெரியாரை விடத் தாமே வல்லவர் என்று காட்டுவது ஆள்வோரின் நோக்கம். மேடையில் இருந்த சிறு பெட்டியை எளிதாகத் தூக்கிய பலசாலி ஒருவன், மறுமுறை முயன்றபோது அதை அசைக்கவும் இயலாது திகைத்தான். கீழே மறைந்திருந்த மின்காந்தம் பெட்டியைப் பற்றிக்கொண்டது. இவை சூனியமல்ல, திறமையே என்று பின்னர் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் மின்காந்தவியலைக் கற்பிப்பதற்காகவா அப்பெட்டி கடல் கடந்து சென்றது? அடிமைப்பட்ட மக்களின் நெஞ்சில் அச்சத்தை விதைப்பதற்கே சென்றது. ஆள்வோர் கையில் அறிவியலும் மாந்திரீகமாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நமது நாட்டுக்கு வருவோம். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தவர் ஏபிரகாம் கோவூர். 1959இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக விளங்கினார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை அத்தொகையை எவரும் வென்றிலர். கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பிரேமானந்த் அவ்வழியில் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். ‘அற்புதங்களை’ ஊர்கள்தோறும் தாமே செய்துகாட்டி, அவற்றைச் செய்யும் முறையையும் மக்களுக்குக் கற்பித்தார்.

உடைப்பதற்கும் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. தகட்டின் சூதை உடைத்தால் நாளை தாயத்து வரும். தாயத்தை உடைத்தால் வேறொன்று வரும். சிரித்துக் கலையும் கூட்டம் மறுமுறையும் ஏமாறும். ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதை நம் பாட்டிமார் அனைவரும் அறிவர். அதை வகுப்பில் மாணவன் தன் கையாலேயே கலந்து, ஏன் சிவந்தது என்று கேட்கப் பழகினால், எலுமிச்சம்பழத்து இரத்தத்தைக் கண்டும் அவன் அதே கேள்வியைக் கேட்பான். கற்றவனே நாளை ஏமாற்றுக்காரனாகி விடமாட்டானா எனச் சிலர் ஐயுறலாம். அதனாலேயே வித்தையோடு வாய்மையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இது கைத்திறன் என்று சொல்லத் துணியாதவன் அவ்வித்தைக்கு உரியவனல்லன்.

அப்படியாயின் சம்பள நாளில் தோட்டத்துக்கு வந்து, துணி விரித்து, பந்தை மறைத்துக் காட்டும் ஏழையின் இரகசியத்தை மாணவன் கூவலாமா? கூடாது. அது அவனுடைய கருவி. கொழுந்துக் கூடையைப் பறிப்பதும் அதைப் பறிப்பதும் ஒன்றே. கற்க விரும்புபவன் அவனிடம் பணிந்து கேட்டுக் கற்கட்டும். பார்ப்பவன் தன் அறியாமையால் எதை இழக்கிறான் என்பதே நமது உரைகல். வித்தைக்காரனிடம் சில்லறையைக் கொடுத்து வியப்பைப் பெறுகிறோம். அங்கே மறைவு கலை. செய்வினைக்காரனிடம் ஒரு மாதக் கூலியையும் குழந்தையின் நலத்தையும் இழக்கிறோம்; அங்கே மறைவு கொள்ளை. எதையும் விற்காது நேர்ந்துகொண்டு தீ மிதிக்கும் பக்தன் இவ்விரு கணக்கிலும் சேரான். அவனை எள்ளி நகையாடுவதும் நம் வேலையன்று.

இறுதியாக ஒன்று. அந்தத் தாய் அறிவில்லாமல் மட்டும் ஏமாறவில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாட்கூலி போகும். செய்வினைக்காரனோ வாசலுக்கே வருகிறான். அவளது வறுமையை மாற்றாது அவளது நம்பிக்கையை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. பள்ளியும் மருந்தும் நியாயமான கூலியும் லயத்தின் வாசலை எட்டும் நாளில், மண்ணுக்குள் தகடு தேடுபவனுக்கு அங்கே வேலை இராது. அந்நாளிலும் துணி விரித்துப் பந்தை மறைப்பவன் வருவான். நம் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.