கடல் தாண்டிய 405

1837-இல் மெக்காலேயின் சட்டக் குழு கல்கத்தாவில் எழுதி முடித்த வரைவு, வருடக்கணக்கில் தூசி படிந்து கிடந்து 1860-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆனது. மெக்காலே அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கண்ணை மூடிவிட்டார். அந்தச் சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்குக் கிடைத்த எண் 405. நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்பது அதன் சாரம்.

பிரிவைவிட அதன் கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் சுவையானவை. டில்லிக்காரர் ஒருவர் கல்கத்தா முகவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அனுப்பிக் கம்பெனிப் பத்திரம் வாங்கச் சொல்கிறார். முகவர் அதைத் தன் வியாபாரத்தில் போட்டால் குற்றவாளி. 'இவருக்கு இதுதான் லாபம்' என்று மனசார நம்பி பேங்க் ஆஃப் பெங்கால் பங்குகளை வாங்கி, நட்டம் வந்தால்? சிவில் வழக்குப் போட்டு நட்டத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான். எது சிவில், எது கிரிமினல் என்று இன்றுவரை நீதிபதிகள் மல்லுக்கட்டும் கேள்விக்கு அன்றே பாதி பதில் எழுதியாகிவிட்டது.

1871-இல் இந்தப் பிரிவு நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் ஏறிக்கொண்டு பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. எண் மாறவில்லை. இலங்கை போனபோதுதான் 388 ஆயிற்று. 1976-இல் ஒரே தண்டனைச் சட்டம் மலேசியா முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது. கடல் தாண்டியதில் இதற்குப் பல் முளைத்திருந்தது: இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரண நம்பிக்கை மோசடிக்கு அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறையாக இருந்தது, மலேசியாவில் 10 ஆண்டுவரை சிறை, கூடவே பிரம்படி. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020-இல் எஸ்.ஆர்.சி. நிறுவன வழக்கில் மாட்டியதும் இதே குடும்பத்துப் பிரிவான 409-இல்தான். பிறந்த வீடான இந்தியாவில் 2024 ஜூலை முதல் இதற்கு எண் 316.

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் 'சிவிலா, கிரிமினலா' என்ற கேள்வி கைமாற்றாகவும் நகையாகவும் வருகிறது. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்த சங்கிலியை, கேட்காமல் அடகுக் கடையில் வைத்தால் அது 405-இன் எல்லைக்குள். கடனாகக் கொடுத்த ஐயாயிரம் வெள்ளி திரும்பவில்லை என்றால், "இது சிவில் கேஸ், வக்கீலைப் பாருங்க" என்று போலீஸ் சொல்லும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபம் வரும். சில சமயம் அது நியாயமான கோபமும்கூட. ஆனால் கடன் கொடுத்த நொடியில் அந்தப் பணம் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அவரிடம் இருப்பது பாக்கி, நம் பொருள் அல்ல. டில்லி ரேஸ் கிளப் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2024-இல் சொன்னதும் இதுதான்: குதிரைத் தீவனம் விற்றவருக்கு 9 லட்சத்துச் சொச்சம் ரூபாய் பாக்கி நின்றது; விற்ற சரக்கு ஒப்படைத்த பொருள் ஆகாது, பாக்கியைச் சிவில் கோர்ட்டில் கேளுங்கள் என்றது.

பலர் தவணை போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டுப் பணத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. அதைத் தொழிலாக நடத்துவதை மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆகவே பணம் போட்டவர் புகார் கொடுக்கவே கூசுகிறார். கொடுத்தாலும், கூட்டுப் பிடித்த அக்கா பணத்தைத் தன் வீட்டுக் கடனுக்குக் கட்டினாரா, நாலு பேர் தவணை கட்டாததால் முடங்கிப்போனாரா என்று பார்த்தாக வேண்டும். முதலாவது என்றால் 405 பக்கம் போக வழியுண்டு. இரண்டாவது என்றால் சிவில். எது என்று கணக்கு நோட்டு சொல்லும். பெரும்பாலும் கையில் இருப்பதோ நாலு வாட்ஸ்அப் செய்திகள்.