கந்தையும் காகிதமும்

பழந்தமிழில் ‘குப்பை’ என்னும் சொல் குவியலையே குறித்தது. நெற்குவையும் குப்பை, மணிக்குவையும் குப்பை. பின்னாளில் அச்சொல் தாழ்ந்து கழிவையே சுட்டலாயிற்று. பிரெஞ்சு மொழியிலோ ஒரு மனிதரின் பெயரே குப்பைத் தொட்டியின் பெயராகிவிட்டது. அவர் யூழேன் புபெல். 1883 முதல் 1896 வரை பாரிசு நகரை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக விளங்கியவர்.

அவருக்கு முன்னும் பாரிசில் துப்புரவு முயற்சிகள் உண்டு. தெருச்சேற்றின் நாற்றம் பொறாத அரசர் பிலிப் ஒகுஸ்து 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல் பாவச் செய்தார். எனினும் நகரின் கழிவை உண்மையில் தரம் பிரித்தவர் அரசரல்லர்; முதுகிற் கூடையும் கையில் கொக்கியும் விளக்குமாக இரவில் அலைந்த கந்தை பொறுக்குவோரே. அவர்கள் எடுத்த எலும்பு பொத்தானாயிற்று. அதன் கரி சர்க்கரையை வெளுக்க உதவிற்று. கந்தையோ காகித ஆலைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் பரவும்வரை ஐரோப்பியக் காகிதம் பெரிதும் பழந்துணியால் ஆனதே. ஆதலின் அக்காலக் கவிதை நூல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குனிந்தெடுத்த கந்தையின் மேல் அச்சானது என்பதைக் கவிஞர்களாகிய நம் கழகத்தார் எண்ணிப் பார்த்தல் தகும். ஷார்ல் போதலேர் தம் ‘தீமையின் மலர்கள்’ (1857) தொகுதியில் கந்தை பொறுக்குபவனுக்கென ஒரு கவிதை வைத்ததும், அவனைக் கவிஞனோடு ஒப்பிட்டதும் தற்செயலல்ல என்பது என் கருத்து.

அரசு அவர்களை ஐயத்துடனேயே நோக்கிற்று. 1828இல் காவல்துறை அவர்கள் பெயர் பொறித்த வில்லை அணிய ஆணையிட்டது. 1832இல் பாரிசில் ஏறத்தாழ 18,000 உயிர்களைக் கொள்ளை கொண்ட வாந்திபேதி வந்தபோது, குப்பையை விரைந்து அகற்றப் புதிய வண்டிகள் விடப்பட்டன. பிழைப்பு பறிபோவதைக் கண்ட கந்தை பொறுக்குவோர் கிளர்ந்தெழுந்து அவ்வண்டிகளை நொறுக்கினர். நோய்க்கு அஞ்சிய நகரமும் பசிக்கு அஞ்சிய மாந்தரும் மோதிய அவ்வழக்கில் எவர் பக்கம் அறம் என்று கூறுதல் எளிதன்று.

அதே வழக்கு அரை நூற்றாண்டு கழித்து மீண்டது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் மூடியுள்ள தொட்டிகள் வைத்தல் வேண்டும் என 1883 நவம்பரில் புபெல் ஆணையிட்டார். 1884 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அழுகும் கழிவுக்கு ஒன்று, காகிதத்திற்கும் கந்தைக்கும் ஒன்று, கண்ணாடி, ஓடு, சிப்பி ஆகியவற்றுக்கு ஒன்று என மூன்று தொட்டிகள்! செலவுக்கு அஞ்சிய வீட்டுக்காரர் முணுமுணுத்தனர், நாளேடுகள் எள்ளின, கந்தை பொறுக்குவோர் கொதித்தனர். வண்டி வருமுன் தொட்டிகளைத் துழாவ அவர்களுக்கு இசைவு கிடைத்தது. தொட்டி நிலைத்தது, தரம் பிரித்தல் நிலைக்கவில்லை. பிரெஞ்சு இல்லங்களில் அது மீண்டும் பரவலானது 1990களிலேதான்.

எள்ளலாக எழுந்த ‘புபெல்’ என்னும் பெயர் அகராதியேறிப் பொதுச்சொல்லாயிற்று. பாரிசின் 16ஆம் வட்டாரத்தில் அவர் பெயரால் ஒரு சிறு தெருவும் உண்டு. கந்தை பொறுக்கியோரின் பெயர்களோ அந்தக் காவல்துறை வில்லைகளில் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தன.