ரயில்வே கேட் விபத்துகளில் ரயில்வேயின் பொறுப்பு

ரயில் பாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடம் லெவல் கிராசிங்; மக்கள் வழக்கில் ரயில்வே கேட். அங்கே ரயில் மோதி உயிர் போனால் இழப்பீடு யார் தருவது? இறந்தவர் ரயிலில் இருந்தாரா, சாலையில் இருந்தாரா என்பதைப் பொறுத்து இந்தியச் சட்டம் இரண்டு வழி சொல்கிறது.

ரயில் பயணிக்கு வழி எளிது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று பாராமலே ரயில்வே இழப்பீடு தர வேண்டும். சாலையில் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் தரப்பு ரயில்வேயின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும்.

ரயில்வே அதற்குச் சொல்லிவந்த பதில், ஓட்டுநரின் கடமை. ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ கிளீனரோ தண்டவாளம் வரை நடந்துபோய், ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும். துணை இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு. சரியான விதிதான். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பயணி செய்த தவறு என்ன?

கேரளத்தின் அகப்பறம்பு ஆளில்லா கேட்டில் 1979 மே 9 அன்று ரயில் மோதி, வண்டியில் இருந்த 40 பயணிகளும் ஓட்டுநரும் இறந்தார்கள். அந்த வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: போக்குவரத்து மிகுந்த இடத்தில் கேட்டும் ஆளும் போடாதது ரயில்வேயின் கவனக்குறைவு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே ரயில்வேக்கு எதிராகவும் உத்தரவிடலாம். தவறு முழுக்க ரயில்வேயுடையதாக இருந்தாலும் அந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரம் போகாது என்று 2002-இல் இன்னொரு தீர்ப்பு உறுதிசெய்தது.

2019 ஜனவரிக்குள் அகலப்பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் ஒழிக்கப்பட்டன. இப்போது வழக்கு ஆளுள்ள கேட்டைப் பற்றியது. கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் கீப்பர் கைதானார். அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். இன்டர்லாக் இருந்தால் கேட்டை மூடாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது. இல்லாத இடத்தில் நிலைய அதிகாரியின் தொலைபேசித் தகவலும் ஒரு மனிதரின் விழிப்பும் மட்டுமே காவல். ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம். அதற்கும் மேலே, இன்டர்லாக் செய்யாமல் விட்டதே கவனக்குறைவுதானா என்றும் கேட்க வேண்டும். 1997 தீர்ப்பின் தர்க்கம் அங்கேதான் கொண்டுபோகிறது. இந்த விபத்துக்குப் பின், இன்டர்லாக் அமைப்பதற்கான போக்குவரத்து அளவுகோலை ரயில்வே 20,000-இலிருந்து 10,000 ரயில்-வாகன அலகாக (கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது) குறைத்தது.

விபத்து நடந்தவுடன் ரயில்வே தருவது கருணைத் தொகை. அது இழப்பீடு ஆகாது. அதைப் பெற்றுக்கொண்ட குடும்பமும் தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.