பரணில் மூன்று பெட்டிகள்

போன கிறிஸ்துமஸுக்கு முட்டம் போயிருந்தபோது பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கிழிந்த வலைத்துண்டுகள், அப்பாவின் பெட்ரோமாக்ஸ், அதற்கும் பின்னால் மூன்று செட்டாப் பாக்ஸ்கள். இரண்டு டிடிஹெச், ஒன்று கேபிள். மூன்றிலும் விளக்கு எரிந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டில் ஒரே கம்பெனி சிப். ஆனாலும் ஒருவர் பெட்டியில் இன்னொருவர் சிக்னல் வராது.

"நீ இந்தப் பெட்டி வேலதானே மக்ளே பாத்த? இதுல அத ஓட வைக்க முடியாதா?" என்று அம்மா ஒருமுறை கேட்டிருக்கிறாள். மழுப்பிவிட்டேன். சரியான பதில் கொஞ்சம் நீளம்.

பெங்களூரில் என் முதல் வேலையே செட்டாப் பாக்ஸ் மென்பொருள்தான். ரிமோட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு பொத்தான் இருக்குமே, அவற்றை அமுக்கினால் என்ன நடக்கவேண்டும் என்று எழுதுவது. எங்கள் வீட்டில் சிவப்பு தேயவே இல்லை. "அமுக்காத, காசு பிடிச்சிருவான்!" அம்மா சொன்னதில் தப்பில்லை. இங்கே 'இன்டராக்டிவ் டிவி' என்று வந்ததெல்லாம் பெரும்பாலும் கட்டணம் கேட்டது.

தொண்ணூறுகளின் இறுதியில் ஐரோப்பாவிலும் ஆளுக்கொரு மென்பொருள்தான். 1998இல் பிரிட்டனின் ஸ்கை டிஜிட்டல் வந்தபோது அதில் ஓடியது ஓப்பன் டிவி. பெயரில் மட்டும்தான் ஓப்பன். பிரான்சின் கனால் பிளஸ் தனியாக ஒன்று வைத்திருந்தது. ஒன்றுக்கு எழுதிய வினாடிவினா மற்றதில் ஓடாது. இதற்கு மாற்றாக, 1993இல் தொடங்கிய டிவிபி என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பு ஒரு பொதுத் தரநிலையை எழுதியது. மல்டிமீடியா ஹோம் பிளாட்ஃபார்ம், சுருக்கமாக எம்ஹெச்பி. முதல் பதிப்பு 2000இல் வெளியானது. ஆவணத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம்.

வேலை செய்யும் விதம் அழகானது. ஜாவாவில் எழுதிய சின்ன நிரல், பெயர் எக்ஸ்லெட், படத்தோடு சேர்ந்தே காற்றில் வரும். பெட்டியால் "அந்த ஃபைலைக் கொடு" என்று திருப்பிக் கேட்க முடியாது. டிஷ் ஒருவழிப் பாதை. அதனால் நிலையம் எல்லா ஃபைல்களையும் வரிசையாக, ஓயாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி. இந்தச் சுற்றில் உன் குதிரையை விட்டால், அது மறுபடி வரும்வரை நிற்கவேண்டியதுதான். சேனலை மாற்றினால் எக்ஸ்லெட் செத்துப்போகும். எந்த நொடியும் சாகத் தயாராக இருக்கும் நிரலை எழுதுவது எப்படி என்று நான் கற்றது அங்கேதான்.

இத்தாலி இதற்காகப் பணத்தையே இறைத்தது. 2004இல் ஊடாடும் தரைவழிப் பெட்டி வாங்குபவருக்கு 150 யூரோ மானியம், அடுத்த ஆண்டு 70. செயற்கைக்கோள் பெட்டிகளை ஒதுக்கியதால் அது சட்டவிரோத அரசு உதவி என்று 2007இல் ஐரோப்பிய ஆணையம் சொல்லிவிட்டது. இதற்கிடையே எம்ஹெச்பிக்குள் இருந்த காப்புரிமைகளுக்கு உரிமையாளர்கள் கட்டணம் கேட்டார்கள். படிக்க இலவசம், பயன்படுத்தக் காசு. என் கணிப்பில் எம்ஹெச்பியைத் தளர்த்தியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 2010இல் இணையத் தொழில்நுட்பத்தை நம்பி வந்த ஹெச்பிபி டிவி ஐரோப்பாவில் அதன் இடத்தைப் பிடித்தது. எம்ஹெச்பியின் எச்சம் ப்ளூ-ரே வட்டுகளின் மெனுக்களில் தங்கியது.

பிரேசில் வேறு வழியில் போனது. ஜப்பானின் ஒளிபரப்பு முறையை எடுத்து, பெட்டி மென்பொருளை மட்டும் தங்கள் பல்கலைக்கழகங்களில் எழுதிக்கொண்டார்கள். பெயர் ஜிங்கா; கபோய்ரா ஆட்டத்தின் அடிப்படை அசைவுக்கு உள்ள பெயர். அதில் ஓடும் லுவா மொழியும் ரியோவின் பாப்பிறைக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். கேம் எழுதுகிறவர்களுக்கு லுவா தெரிந்திருக்கும். ஜிங்காவின் மையப் பகுதி 2009இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையானது.

நாம்? இதுதான் எனக்கு ஆறாத விஷயம். நாம் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தோம். 2001 மார்ச்சில் வந்த டிடிஹெச் உரிம விதிகளிலேயே, பெட்டி திறந்த கட்டமைப்பு கொண்டதாக, நிறுவனம் மாறினாலும் பயன்படுவதாக இருக்கவேண்டும் என்று இருக்கிறது. முதல் தனியார் டிடிஹெச் சேவை வந்ததே 2003இல்தான்! பெட்டியின் பின்னால் ஒரு துளை வைத்தார்கள். அதில் செருகவேண்டிய அட்டையின் விலை ஏறக்குறைய புதுப் பெட்டியின் விலை. யார் வாங்குவார்?

பெட்டிக்கு இரண்டு பூட்டு. சேனலைப் பூட்டுவது ஒன்று, மென்பொருளைப் பூட்டுவது இன்னொன்று. இங்கே பேச்செல்லாம் பெரும்பாலும் முதல் பூட்டைப் பற்றித்தான். 2020 ஏப்ரலில் டிராய் தந்த பரிந்துரையும் யூஎஸ்பியில் செருகும் சாவியைப் பற்றியது. இரண்டாவது பூட்டின் கனம் 2022 நவம்பரில் தெரிந்தது. அரசு கேபிள் 2017 முதல் இலவசமாகக் கொடுத்த பெட்டிகளின் மென்பொருள் குறித்து ஒரு தனியார் நிறுவனத்துடன் தகராறு. பல இடங்களில் படம் நின்றது. பெட்டி வீட்டில், கம்பி தெருவில், சிக்னல் தயார். பெட்டிக்குள் வேறு மென்பொருளை ஏற்ற யாராலும் முடியாது, ஏனென்றால் பெட்டி தன் முதலாளியின் கையெழுத்து இருந்தால்தான் எதையும் உள்ளே விடும்.

அம்மாவிடம் இதைச் சுருக்கி, "பெட்டி நம்ம வீட்லதான் இருக்கு, ஆனா நம்ம பேச்சக் கேக்காதும்மா" என்றேன். அவள் சிரித்தாள், அப்பாவைப் பார்த்து.

மறுநாள் ஆக்கர் கடைக்காரர் வந்தார். மொட்டைமாடியில் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு டிஷ்களையும் எடைக்கு எடுத்துக்கொண்டார். பெட்டிகளை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மூன்றையும் மறுபடி பரணில் ஏற்றினேன்.