தரை தட்டிய இரு கப்பல்கள்

கடற்பயணங்களின் வரலாறு என்றால் புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் புத்தகமும் இவ்விரண்டையே கேட்கிறது. இடைப்பட்ட நாட்களில் கப்பலிலேயே உண்டு, உறங்கி, நோயுற்று, வாழ்ந்த மக்களின் கதையைக் கேட்பார் குறைவு. ஊரைவிட்டு வெளியே வந்து, பிறர் நிலத்தில் குடியிருந்து, அந்நிலத்தார் விளைவித்ததை வாங்கி உண்ணும் நம் போன்றோர்க்கு அக்கதையே மிகுந்த பயன் தருவது. ஆகவே, கரீபியன் கடலிலுள்ள ஜமெய்க்காத் தீவில் கொலம்பஸ் என்னும் மாலுமி இருமுறை கப்பலில் வாழ்ந்த வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

1492-இல் கொலம்பஸ் முதன்முறையாக அக்கடலை அடைந்தது யாவரும் அறிந்ததே. இரண்டாம் பயணத்தின்போது, 1494 ஏப்ரல் 24-ஆம் நாள், ஹிஸ்பானியோலாத் தீவில் தாம் அமைத்த இஸபெல்லா என்னும் குடியிருப்பிலிருந்து மூன்று சிறு கப்பல்களுடன் அவர் புறப்பட்டார். ஹிஸ்பானியோலா என்பது இன்று ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு என்னும் இரு நாடுகளாக விளங்கும் தீவாகும். மே 5-ஆம் நாள் ஜமெய்க்காவின் வடகரையில் ஓர் அழகிய வளைகுடாவைக் கண்டு, அதற்குச் ‘சாந்தா குளோரியா’ என்று பெயர் சூட்டினார். இன்று அது செயின்ட் ஆன்ஸ் பே எனப்படுகிறது. அத்தீவின் மக்கள் தைனோ இனத்தவர். பெருமரங்களைக் குடைந்து செய்த நீண்ட ஓடங்களில் அவர்கள் திரண்டு வந்து எதிர்த்தபோது, ஸ்பானியர் குறுக்குவில்லால் அம்பெய்தும் வேட்டைநாயை ஏவியும் கரையேறினர். முதற் சந்திப்பு இவ்வாறு ஆயிற்று. ஆயினும் பின்னர் அம்மக்களே உணவு கொண்டுவந்து கொடுத்தனர்.

பின்பு கியூபாவின் தென்கரையோரமாகப் பல வாரங்கள் சென்றனர். சிறு தீவுகளும் மணல்திட்டுகளும் நிறைந்த கடல் அது. நாள்தோறும் ஆழம் பார்த்தே நகர வேண்டியிருந்தது. கியூபா ஒரு தீவு என்று ஒப்புக்கொள்ளக் கொலம்பஸுக்கு மனம் வரவில்லை. ஆசியக் கண்டத்தையே தாம் அடைந்ததாக அவர் நம்பினார். ஜூன் 12-ஆம் நாள், கப்பலிலிருந்த அனைவரும் அது கண்டமே என்று பத்திரம் எழுதுவோர் முன்னிலையில் ஆணையிட வேண்டும் என்றும், பிற்காலத்தில் மாற்றிப் பேசுவோர்க்கு அபராதமும் நாவறுப்பும் தண்டனை என்றும் கட்டளையிட்டார். அலுவலகக் கோப்புகளிலேயே நாள் கழிக்கும் நமக்கு இது வியப்பன்று. ஆனால் எத்தனை பேர் ஒப்பமிட்டாலும் தீவு கண்டமாகிவிடாது என்பதைக் காலம் காட்டிற்று.

திரும்பும்போது ஜமெய்க்காவின் தென்கரையைச் சுற்றினர். எதிர்க்காற்றால் நாளொன்றுக்குச் சிறிது தூரமே செல்ல இயன்றது. மாலைதோறும் நங்கூரமிட்டுத் தங்கினர். அப்போது ஒரு விரிகுடாவில், தலைவர் ஒருவர் மனைவி மக்களோடும் உடன்பிறந்தாரோடும் அலங்கரித்த ஓடங்களில் வந்து கப்பலேறி, ஸ்பெயின் அரசரையும் அரசியையும் காணத் தம்மையும் அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். கொலம்பஸ் இன்சொல் கூறி அவரைத் திருப்பியனுப்பினார். செப்டம்பர் இறுதியில் இஸபெல்லாவை அடைந்தபோது, கண்விழித்துக் கண்விழித்து உடல்நலம் குன்றிய கொலம்பஸ் நினைவிழந்த நிலையிலேயே கரைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அக்காலக் கப்பல் வாழ்வு எத்தகையது என்பதையும் கூறவேண்டும். தலைவருக்கும் ஒரு சிலருக்குமே அறையுண்டு. ஏனையோர் மேல்தளத்தில் கிடைத்த பலகையில் கிடந்து உறங்கினர். மரத்துக்கு மரம் கட்டித் துயிலும் வலையூஞ்சலைத் தைனோ மக்களிடம் கண்ட பின்னரே அவ்வழக்கம் ஐரோப்பியக் கப்பல்களில் பரவிற்று. உணவோ, கடினமான உலர்ந்த ரொட்டி, உப்பிட்ட இறைச்சி, பயறு, திராட்சை மது ஆகியவையே. நான்காம் பயணத்தில் ரொட்டியில் புழுக்கள் மிகுந்தமையால், அவற்றைக் காணாதிருக்கும்பொருட்டு இருட்டும்வரை காத்திருந்து கஞ்சி குடித்தவர்களும் உண்டு என்று கொலம்பஸின் மகன் பெர்னாண்டோ எழுதிவைத்துள்ளார். அப்பயணத்திற்குத் தந்தையுடன் புறப்பட்டபோது அச்சிறுவருக்கு வயது 13.

அந்த நான்காம் பயணம் 1502 மே மாதத்தில் நான்கு கப்பல்களுடன் தொடங்கிற்று. இன்றைய ஹொண்டுராஸ் முதல் பனாமா வரையிலான கரையை அவர்கள் ஆராய்ந்தனர். புயலைவிடப் பெரும்பகை ஒன்று கப்பலுக்கு அடியிலேயே இருந்தது. அதுவே கப்பற்புழு. பெயர் புழுவாயினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்தது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்து, பலகையைத் தேன்கூடு போல் ஆக்கிவிடும். இரு கப்பல்களைப் பனாமாக் கரையிலேயே கைவிட நேர்ந்தது. எஞ்சிய இரண்டிலும் இரவு பகலாக நீரிறைத்துக்கொண்டே வந்தனர். ஹிஸ்பானியோலாவை எட்ட முடியாது என்று தெளிந்தபின், 1503 ஜூன் 25-ஆம் நாள், தாம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பெயரிட்ட அதே சாந்தா குளோரியா வளைகுடாவில் கப்பல்கள் இரண்டையும் அருகருகே தரை தட்டச் செய்தனர். அவை சாயாதபடி முட்டுக்கொடுத்து நிறுத்தினர். நீர் ஏறக்குறைய மேல்தளம்வரை நின்றது. ஆகவே தளத்தின்மேல் ஓலைக் குடில்கள் வேய்ந்து, 100-க்கு மேற்பட்டோர் அவற்றில் குடியேறினர். ஓராண்டுக்காலம் அதுவே அவர்களது ஊர், அதுவே வீடு, அதுவே கோட்டை.

அனுமதியின்றி எவரும் கரையிறங்கலாகாது என்று கொலம்பஸ் விதித்தார். தம் ஆட்கள் ஊருக்குள் புகுந்தால் வீடுகளைச் சூறையாடுவர், பெண்களைத் துன்புறுத்துவர், அதனால் பகை மூளும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பிறரது நாட்டில் வயிறு வளர்க்க வேண்டுமாயின் முதலில் தம்மவரை அடக்க வேண்டும் என்ற உண்மையைத் தேவை அவருக்குக் கற்பித்தது எனலாம்.

உணவுக்கு ஏற்பாடு செய்தவர் தியேகோ மெண்டெஸ் என்னும் துணிவுமிக்க அன்பர். அவர் ஊர் ஊராகச் சென்று தலைவர்களுடன் விலை பேசினார். முயலளவான ஹுட்டியா என்னும் விலங்கின் இறைச்சிக்குக் கச்சுக்கயிற்றின் உலோக முனை. கிழங்கு ரொட்டிக்குக் கண்ணாடி மணிகள். பெரிய அளவில் பொருள் தருவோர்க்குச் சிறு சலங்கை. தலைவர்களுக்குக் கண்ணாடி, சிவப்புத் தொப்பி, கத்தரிக்கோல். இவ்வாறு விகிதம் வகுத்துக் கணக்கு வைத்தனர்.

அந்த ரொட்டி நமக்கு அயலானதன்று. நம் நாட்டில் மரவள்ளி என வழங்கும் கிழங்கே அது. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. தைனோப் பெண்கள் அதனைத் துருவி, நீண்ட பின்னற் பையிலிட்டுச் சாற்றைப் பிழிந்து நீக்கி, மாவை ஓட்டில் பரப்பிச் சுட்டனர். பல மாதங்கள் கெடாத அந்த அடையே பின்னர் ஸ்பானியக் கப்பல்களின் வழியுணவாயிற்று. போர்ச்சுகீசியர் வாயிலாக இக்கிழங்கு கடல் கடந்து பரவியது. திருவாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மன்னர் இதன் பயிரை ஊக்குவித்தார். சேலம் ஜவ்வரிசியும் இதன் வழிவந்ததே. பெயரறியா அப்பெண்களின் கைத்திறனுக்கு நம் அடுப்பங்கரையும் ஓரளவு கடன்பட்டுள்ளது.

உதவி நாடி ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஹிஸ்பானியோலா 100 மைல்களுக்கு அப்பால், எதிர்க்காற்றும் எதிரோட்டமும் உள்ள திசையில் இருந்தது. மெண்டெஸும், ஜெனோவா நகரத்தாரான பியெஸ்கி என்பவரும் ஆளுக்கோர் ஓடத்தில் புறப்பட்டனர். ஒவ்வொன்றிலும் ஸ்பானியர் அறுவர். துடுப்பு வலிக்கத் தைனோ மக்கள் பதின்மர். குடிநீர் தீர்ந்து, துடுப்பு வலித்த ஒருவர் தாகத்தால் உயிர் துறந்தார். இடையில் நவாஸா என்னும் பாறைத்தீவின் குழிகளில் தேங்கிய மழைநீரே எஞ்சியோரைக் காத்தது. அக்கரையை அடைந்தும் பயன் உடனே கிட்டவில்லை. ஆளுநர் ஒவாண்டோ மெண்டெஸைப் பல மாதங்கள் காக்க வைத்தார். அக்காலத்தில் அவர் அத்தீவின் தைனோத் தலைவர்களை எரித்தும் தூக்கிலிட்டும் அழிப்பதில் முனைந்திருந்தார். மெண்டெஸ் 1536-இல் தம் இறுதி முறியில், தம் கல்லறையில் ஓர் ஓடத்தின் உருவைப் பொறிக்குமாறு எழுதினார். தம் வாழ்வில் பெருமைக்குரியது அதுவே என அவர் கருதினார் போலும்.

கப்பல்களில் எஞ்சியோர் பொறுமை இழந்தனர். 1504 ஜனவரி 2-ஆம் நாள் போர்ராஸ் சகோதரர்கள் தலைமையில் ஏறக்குறைய பாதிப்பேர் கலகம் செய்து, பத்து ஓடங்களைக் கைப்பற்றிக் கிழக்கே சென்றனர். வழியிலுள்ள ஊர்களைக் கொள்ளையிட்டு, விலையைக் கொலம்பஸிடம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றும் கூறினர். நடுக்கடலில் அலை மிகவே, பாரத்தைக் குறைக்கும்பொருட்டுத் தமக்குத் துடுப்பு வலித்த தைனோ மக்களையே கடலில் தள்ளினர். ஓடத்தின் விளிம்பைப் பற்றியவர்களின் கைகளை வெட்டினர். இக்கொடுமையைப் பதிவு செய்தவர் ஸ்பானியர் தரப்பினரான பெர்னாண்டோவே.

இதன்பின் உணவு வரத்துக் குறைந்தது. காரணம் எளிது. தைனோ மக்கள் தம் தேவைக்கு அளவாகவே பயிரிட்டனர், சந்தைக்கென்று விளைவிக்கவில்லை. விருந்தினரோ ஒருவருக்குப் பலர் பங்கை உண்டனர். மணியும் சலங்கையும் எத்தனை வேண்டும் ஒரு வீட்டுக்கு? வாங்குவோர்க்கு வேண்டாத பொருளைக் கொண்டு வாணிகம் நெடுநாள் நடவாது.

அவ்வமயம் கொலம்பஸ் தம்மிடமிருந்த வானநூல் அட்டவணையை நாடினார். 1504 பிப்ரவரி 29-ஆம் நாள் மாலை சந்திரகிரகணம் நேரும் என்று அதில் கண்டிருந்தது. தலைவர்களை அழைத்து, உணவு தர மறுத்தமையால் கடவுள் சினந்துள்ளார், அதன் அறிகுறியை இன்றிரவு நிலவில் காண்பீர்கள் என்றார். சிலர் நகைத்தனர், சிலர் அஞ்சினர். நிலவு எழும்போதே கறை படிந்திருந்தது. மக்கள் அலறி உணவுப் பொருள்களுடன் ஓடிவந்தனர். கொலம்பஸ் தொழச் செல்வதாகக் கூறி அறைக்குள் சென்று, கிரகணம் நீங்கத் தொடங்கும் வேளையில் வெளிவந்து, மன்னிப்புக் கிடைத்ததென அறிவித்தார். அன்றுமுதல் உணவு தடையின்றி வந்தது. இந்நிகழ்ச்சியைச் சாதுரியம் என்று பாராட்டிய நூல்கள் பல. நாமும் இளமையில் அவ்வாறே படித்தோம்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கிரகணத்தை முன்னறிவது நம்மவர்க்கும் பழகிய கலையே. 1825-ஆம் ஆண்டளவில் புதுவையில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், ஏடும் எழுத்தாணியுமின்றி, தரையில் சோழிகளை வைத்தே சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்னும் அறிஞர் பதிவு செய்துள்ளார். அக்கணிதரின் அறிவு ஊரார்க்கு நீராடவும் நோன்பிருக்கவும் வேளை சொல்ல உதவிற்று. அதே அறிவு ஜமெய்க்காவில், எட்டு மாதங்கள் சோறிட்டவர்களை அச்சுறுத்தும் கருவியாயிற்று. அறிவில் குற்றமில்லை, அதை ஏந்திய கையிலேயே வேறுபாடு.

மார்ச் இறுதியில் ஒவாண்டோ அனுப்பிய சிறு கப்பல் ஒன்று வந்து, ஒரு பீப்பாய் மதுவும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் கொடுத்துவிட்டு, ஒருவரையும் ஏற்றாமலே திரும்பிற்று. மே மாதத்தில் கலகக்காரருடன் சண்டை மூண்டு, கொலம்பஸின் தம்பி பர்த்தலோமே வென்றார். ஜூன் இறுதியில்தான் மீட்புக் கப்பல் வந்தது. கொலம்பஸ் 1504 நவம்பர் 7-ஆம் நாள் ஸ்பெயினை அடைந்தார். 1506 மே 20-ஆம் நாள் காலமானார். மீண்டும் அவர் கடலேறவில்லை.

உணவிட்டவர்களின் கதி யாதாயிற்று? 1509-இல் ஸ்பானியர் அதே வளைகுடாவின் அருகே புதிய செவில் என்னும் ஊரை அமைத்துத் தீவில் குடியேறினர். கட்டாய உழைப்பாலும், தாம் அறியாத புதிய நோய்களாலும் தைனோ மக்கள் சில தலைமுறைகளுக்குள் பெரும்பாலும் அழிந்தனர். மலைகளில் ஒளிந்த சிலர், தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளுடன் கலந்தனர். எஞ்சியவை அவர்களது சொற்கள்: கனூ, ஹாமக், டொபாக்கோ, ஹரிகேன் என்று ஆங்கிலம் வழங்குபவை தைனோ மொழியின் வழி வந்தவை. ஜமெய்க்கா என்னும் பெயரும் அவர்களுடையதே. தரை தட்டிய அவ்விரு கப்பல்களை ஆராய்ச்சியாளர் பன்முறை தேடியும் இன்னும் உறுதியாகக் கண்டாரில்லை.

அத்தீவின் தென்கரையில், 1845 மே 10-ஆம் நாள், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் வந்திறங்கினர். அந்நாள் ஜமெய்க்காவில் இந்திய மரபு நாளாகப் போற்றப்படுகிறது. அரசனைக் காண ஆவலுற்ற தைனோத் தலைவர் கப்பலேறி வந்ததும் அத்தென்கரையில்தான். அவர் வழியினர் இல்லாத நிலத்தில், வேறோர் இந்தியர் கூலிகளாகக் கால்வைத்தனர்.

பிழைப்பின்பொருட்டு வந்த இடத்தில் வாழும் நாமும் ஒருவகையில் தரை தட்டிய கப்பலில் குடியிருப்போரே. இந்நிலத்தின் கோதுமையையும் காயையும் கொடுப்போர் இவ்வூர் மக்கள். நாம் விலை கொடுக்கிறோம் என்பது மெய்; ஆனால் விலை மட்டுமே உறவாகாது என்பதையே சாந்தா குளோரியாவின் ஓராண்டு உணர்த்துகிறது. அண்டை வீட்டாரின் மொழியில் நான்கு சொல் கற்பதும், அவர்கள் வீட்டு நன்மை தீமைக்கு முதலில் சென்று நிற்பதும் நம் கடன். நம் பிள்ளைகளுக்குக் கொலம்பஸின் பெயரைச் சொல்லும்போது, அந்தக் கிழங்கு அடையைச் சுட்ட கைகளையும் சேர்த்தே சொல்வோமாக.