குளோரின் ஒட்டிய மாத்திரை

1950களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த கைகி மருந்து நிறுவனம், மனச்சிதைவைக் குணப்படுத்தும் என்று நம்பி இமிப்ரமின் என்ற சரக்கைக் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே ரோலாண்ட் கூன் என்ற மனநல மருத்துவர் கொடுத்துப் பார்த்தார். மனச்சிதைவுக்கு அது எடுபடவில்லை. ஆனால் மனச்சோர்வில் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். 1957-இல் கூன் அதை எழுதி வெளியிட, மருந்துக்கு மதிப்பு வந்தது. அவருடைய சோதனைகளில் பல நோயாளிகளின் ஒப்புதல் கேட்காமலே நடந்தவை என்பதைச் சுவிஸ் வரலாற்றாய்வாளர்கள் 2019-இல்தான் விரிவாக வெளிக்கொண்டுவந்தார்கள்.

அதற்கு முன்பே ப்ரோமசின் என்ற இன்னொரு சரக்கோடு ஒரு குளோரின் அணுவைச் சேர்த்ததும் குளோர்ப்ரோமசின் என்ற வீரியமான மருந்து கிடைத்திருந்தது. அதே வித்தையை இமிப்ரமினிடமும் காட்டினார்கள். பிறந்தது குளோமிப்ரமின்; விற்பனைப் பெயர் அனாஃப்ரானில். அதுவும் மனச்சோர்வு மருந்தாகத்தான் கடைக்கு வந்தது.

எண்ணச் சுழற்சி நோய்க்கு, அதாவது ஓசிடிக்கு, அன்று உருப்படியான மருந்து எதுவும் கிடையாது. வசதி உள்ளவர் வருடக்கணக்கில் உளப்பகுப்பாய்வுக்குப் போய்வந்தார். பெரிய பலன் இல்லை. மிக முற்றியவர்களில் சிலருக்கு மூளையில் கத்தி வைத்தார்கள். இந்த நிலையில்தான் 1967-இல் ஸ்பெயினில் லோப்பெஸ் இபோர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாவும், வேறு எதற்கும் மசியாத நோயாளிகளுக்குக் குளோமிப்ரமின் கொடுத்துப் பார்த்து, ஓசிடிக்காரர்களிடம் மாற்றம் தெரிவதாக எழுதினார்கள்.

மனச்சோர்வு தணிந்ததால் கூடவே இதுவும் தணிந்ததோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். 1980-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் அதற்கு விடை தேடினார்கள். அதே குடும்பத்து மனச்சோர்வு மருந்தான நார்ட்ரிப்டிலின், ஓசிடியில் மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை, குளோமிப்ரமின் மிஞ்சியது. மூளையில் செரட்டோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதில் அது வலுவானது என்பதால், எல்லோர் பார்வையும் செரட்டோனின் பக்கம் திரும்பியது.

ஐரோப்பாவில் சுலபமாகக் கிடைத்த குளோமிப்ரமின் அமெரிக்காவில் விற்பனைக்கு இல்லை. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே இத்தனை மருந்துகள் இருக்க, இன்னொன்று எதற்கு என்ற எண்ணம். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரவழைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. மருந்து கண்ணெதிரே இருந்தும் நோயின் பெயர் அனுமதிக் கோப்பில் இல்லாததால் ஜனங்களைக் காக்க வைத்தது, என் பார்வையில், மன்னிக்கத்தக்க தாமதம் அல்ல. மனநல மருத்துவர் ஜூடித் ரப்போபோர்ட் போன்றவர்கள் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள் இந்த நோய்க்கு முகம் கொடுத்தன. கடைசியில் 1989-இல் அனுமதி வந்தது. ஓசிடிக்கென்றே அமெரிக்க அரசு ஏற்ற முதல் மருந்து இதுதான்.

விழுங்குகிறவர் பாடு தனி. ராத்திரி 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு 250-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் வலிப்பு அபாயம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மலச்சிக்கல் வரும், வியர்க்கும், கை நடுங்கும். இவையெல்லாம் முதல் வாரமே வந்துவிடலாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ‘கதவைப் பூட்டினேனா’ என்ற எண்ணம் அடியோடு ஒழியாது. அதன் குரல் தணியும். ஐந்து முறை போய் இழுத்துப் பார்த்தவர் ஒரு முறையோடு திரும்பி வருவார்.

மருந்தில்லாத வழியும் இதற்குப் பக்கத்திலேயே வளர்ந்து வந்தது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், ஓயாமல் கை கழுவும் நோயாளியை அவர் அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கழுவ விடாமல் பக்கத்திலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. 2005-இல் வெளியான உளவியலாளர் எட்னா ஃபோவாவின் ஆய்வில் இந்தப் பயிற்சியையும் குளோமிப்ரமினையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில், பயிற்சிக்கு 86 சதவீதம் பேர் நல்ல பலன் கண்டார்கள், குளோமிப்ரமினுக்கு 48, வெற்று மாத்திரைக்கு 10. இந்தப் பயிற்சியைக் கொடுக்கத் தெரிந்த ஆள் கிடைக்காத ஊரில் இந்தக் கணக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம்.

பின்னால் வந்த ஃப்ளுவோக்சமின், ஃப்ளுவாக்செட்டின் வகையறாக்களுக்குப் பக்கவிளைவு குறைவு. இன்று முதலில் கொடுக்கப்படுபவை அவைதான். நடுவில் 1998-இல், எஜமானர் வெளியே போனதும் தவித்துக் குரைக்கும் நாய்களுக்குக் கொடுக்கவும் குளோமிப்ரமினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது, இறைச்சிச் சுவை சேர்த்து! மனிதர்களுக்கோ, புது மருந்துகளில் இரண்டு மூன்றைப் போதிய அளவில் போதிய காலம் கொடுத்தும் அசையாதபோது, ஓர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இந்தப் பழைய மாத்திரையை எழுதுகிற மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.