சொகுசுக் கலப்பின மகிழுந்துகளும் கடலூர் – சிதம்பரம் சாலையும்

வீட்டு மின்சாரத்திலும் மின்னேற்றக்கூடிய பெட்ரோல் கலப்பின மகிழுந்தான பி.எம்.டபிள்யூ. ஐ8, 2015 பிப்ரவரியில் ரூ. 2.29 கோடி விலையில் இந்தியாவில் அறிமுகமானது. மின்கலத்தில் மட்டும் 37 கி.மீ. ஓடும் என்பது அக்கால ஐரோப்பியச் சோதனைக் கணக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ.; ஊர் சேருமுன்பே பெட்ரோல் வேண்டியிருக்கும். 2024இல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஸ்பீடு 81 கி.மீ. ஓடும் என்கிறது நிறுவனம். சிதம்பரம் போய், திரும்பும் வழியிலும் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். எடையோ ஏறத்தாழ இரண்டரை டன்.

அன்றாடச் சிறு பயணங்களில் பெட்ரோல் மிச்சம் என்பது ஆதரவாளர் கருத்து. மின்னேற்றாமல் ஓட்டினால் மின்கலம் வெறும் சுமை என்பர் மறுப்போர். இவற்றைவிட வலுவான கேள்வி கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். வண்டி விடாத புகையை அங்குள்ள அனல்மின் நிலையம் விடுகிறது. அண்மைக் காலத்தில் நெய்வேலியில் சூரிய மின் நிலையங்களும் வந்துள்ளன. ஆனால் இத்தகைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரவில்தான் மின்னேற்றுகிறார்கள்.